அம்பு நகர்த்தியது கவனத்தையா, விரலையா? ஒரு நிகழ்வு ஆய்வு

முதுகலை மாணவி ஒருவர் தன் சோதனை முடிவுகளைக் கொண்டுவந்து காட்டினார். எதிர்வினை நேரம் அளக்கும் சோதனை. எதிர்பார்த்த திசையில், எதிர்பார்த்ததைவிடப் பெரிய வேறுபாடு வந்திருந்தது. அவருக்கு மகிழ்ச்சி. எனக்கு உறுத்தல். கவனம் பற்றிய சோதனைகளில் வேறுபாடுகள் சில பத்து மில்லிநொடிகளுக்குள் அடங்கிவிடுவதுதான் வழக்கம். அதைத் தாண்டி வளர்ந்து நிற்கும் ஒன்றைப் பார்த்தால், வேறு ஏதோ ஒன்று கூட ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்றே முதலில் தோன்றும்.

சோதனையின் அமைப்பு இது. திரை நடுவில் ஒரு கூட்டல் குறி, இருபுறமும் ஒவ்வொரு காலிச் சதுரம். பங்கேற்பாளர் கண்ணை நடுவிலேயே வைத்திருக்க வேண்டும். முதலில் நடுவில் ஓர் அம்பு தோன்றி இடத்தையோ வலத்தையோ காட்டும். கொஞ்ச நேரம் கழித்து ஏதாவது ஒரு சதுரத்துக்குள் நட்சத்திரம் தோன்றும். இடச் சதுரத்தில் வந்தால் இடது ஆள்காட்டி விரலால் இடப்பக்க விசையை அழுத்த வேண்டும். வலச் சதுரத்தில் வந்தால் வலது விரலால் வலப்பக்க விசை. நூறு சுற்றில் எண்பதில் அம்பு சரியான பக்கத்தைக் காட்டும், இருபதில் ஏமாற்றும். முன்னதை மெய்யம்பு என்றும் பின்னதைப் பொய்யம்பு என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மெய்யம்புச் சுற்றுகளில் விடை வேகமாக வந்தது, பொய்யம்புச் சுற்றுகளில் தாமதமாக. “கவனம் முன்கூட்டியே சென்றடைந்த இடத்தில் பார்வைச் செயலாக்கம் விரைவடைகிறது” என்று அறிக்கையில் எழுதியிருந்தார்.

“அம்பு வந்ததும் உன் விரல் என்ன செய்யுது?” என்று கேட்டேன்.

“விரல் ஒண்ணும் செய்யலையே சார். நட்சத்திரம் வந்த பிறகுதானே அழுத்தறோம்.”

நானே உட்கார்ந்து பார்த்தேன். முதல் பத்துப் பதினைந்து சுற்றுகளில் எதுவும் தெரியவில்லை. பணி பழகிய பிறகு, திரையைப் பார்த்தபடியே புறங்கையில் என்ன நடக்கிறது என்று உணர முயன்றேன். வலப்பக்க அம்பு வந்ததும் வலது ஆள்காட்டி விரலின் தசைநார் மெல்லப் புடைக்கிறது. விசை ஒரு மயிரிழை இறங்குகிறது; அழுத்தம் பதிவாகும் ஆழத்துக்குப் போகவில்லை, ஆனால் தளர்ச்சி போய்விட்டது. இடது விரல் அதே நேரத்தில் சும்மா கிடக்கிறது. பிறகு நட்சத்திரம் இடப்பக்கம் வந்தால், இறுகிய வலது விரலை விட்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்த இடது விரலை எழுப்ப வேண்டியிருக்கிறது. அந்தத் தடுமாற்றத்துக்கும் பார்வைக்கும் தொடர்பு இருக்கத் தேவையே இல்லை.

ஒரே விசை இருந்த காலம்

இந்த வகைச் சோதனைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் போஸ்னர். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1970களின் பிற்பகுதியிலும் 1980இலும் வெளியிட்ட கட்டுரைகளில், கண்ணை அசைக்காமலே கவனத்தை ஓரிடத்துக்கு அனுப்ப முடியும் என்று காட்டினார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற வடிவத்தில் விசை ஒன்றே ஒன்று. ஒளி எந்தப் பக்கம் வந்தாலும் அதே விரல், அதே அழுத்தல். அம்பு வலத்தைக் காட்டினாலும் இடத்தைக் காட்டினாலும் கைக்கு அதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றும் கிடைக்காது. வரும் வேறுபாட்டைக் கையின் கணக்கில் எழுத வழியில்லாதபடி கட்டப்பட்ட சோதனை அது.

மாணவி அதை இரண்டு விசையாக மாற்றியதற்கும் நியாயம் இருந்தது. ஒரே விசை என்றால் பார்க்காமலே குத்துமதிப்பாக அழுத்திவிடலாமே, உண்மையில் பார்த்தார்களா என்று எப்படித் தெரியும்? நல்ல கேள்விதான். அந்த ஓட்டையை அடைக்கப் போய் இன்னொரு பக்கம் பெரிய கதவையே திறந்துவிட்டார்.

திறந்த கதவின் அளவைப் புரிந்துகொள்ள 1868க்குப் போக வேண்டும். ஒரே தூண்டல் (கண்ணிலோ காதிலோ படும் குறி) ஒரே விடை என்றால் எவ்வளவு நேரம், பல தூண்டல்கள் இருந்து ஒவ்வொன்றுக்கும் தனி விடை என்றால் எவ்வளவு நேரம் என்று அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்தவர் டச்சு உடலியலாளர் டொண்டர்ஸ். தேர்வு செய்வதற்கே தனியாக நேரம் பிடிக்கிறது என்பது அவர் கண்டது. இப்போது மாணவியின் சோதனையை அந்தக் கண்ணோடு பாருங்கள். அம்பு சொன்னபடி நூற்றுக்கு எண்பது முறை நடக்கும் என்று பங்கேற்பாளருக்குத் தெரியும். அம்பைப் பார்த்ததுமே எந்தக் கை என்ற தேர்வை முடித்துவிடுகிறார். மெய்யம்புச் சுற்றில் அவர் செய்வது கிட்டத்தட்ட ஒற்றைவிடைச் சோதனை. பொய்யம்புச் சுற்றில் செய்வது தேர்வுச் சோதனை. அதுவும் ஏற்கெனவே எடுத்த தேர்வை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுப்பது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை முழுக்கக் கவனத்தின் பெயரில் எழுதிவிட்டார்.

முதல் திருத்தமும் அது கூட்டிவந்த விருந்தாளியும்

கையை அம்பிலிருந்து பிரிக்க எளிய வழி, விடையை நட்சத்திரம் தோன்றும் இடத்திலிருந்து பிரிப்பது. நட்சத்திரத்துக்கு நிறம் கொடுத்தோம். சிவப்பு என்றால் இடப்பக்க விசை, பச்சை என்றால் வலப்பக்க விசை, எந்தச் சதுரத்தில் வந்தாலும் சரி. இப்போது அம்பு எங்கே வரும் என்று மட்டும் சொல்லும். எந்தக் கை என்று சொல்லாது. ஒரே விசை இல்லை என்பதால் மாணவியின் பழைய கவலைக்கும் விடை கிடைத்தது: நிறத்தைப் பார்க்காமல் சரியாக அழுத்த முடியாது.

தாளில் இது கச்சிதமாக இருந்தது. ஆனால் இந்த அமைப்புக்குள் ஏறக்குறைய அறுபது ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு விருந்தாளி அழைக்காமலே வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் பெயர் சைமன் விளைவு. கணக்காகச் சொன்னால் 1967. ஜே. ரிச்சர்ட் சைமனும் ரூடலும் அந்த ஆண்டு வெளியிட்ட சோதனையில் காதொலிக்கருவி வழியே ‘இடம்’, ‘வலம்’ என்ற பொருளுள்ள சொற்கள் ஒலித்தன. சொல் எதைச் சொல்கிறதோ அந்தப் பக்க விசையை அழுத்த வேண்டும். எந்தக் காதில் ஒலித்தது என்பது பணிக்குத் தேவையே இல்லாத தகவல். இருந்தும் ‘வலம்’ என்ற சொல் வலக்காதில் கேட்டபோது விரைவாகவும் இடக்காதில் கேட்டபோது தாமதமாகவும் விடை வந்தது. தூண்டல் வந்த பக்கத்தை நோக்கி எதிர்வினை செய்யும் இயல்பு நம்மிடம் இருக்கிறது என்று சைமன் பின்னர் எழுதினார். கண் வழிச் சோதனைகளிலும் இதே கதைதான். வேறுபாடு பெரும்பாலும் இருபது முப்பது மில்லிநொடி. கவனத்தால் வரும் ஆதாயமும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பது இங்கே பெரிய தலைவலி. ஒரே உயரமுள்ள இருவரை நிழலை வைத்து அடையாளம் காண்பது போலாகிவிடும்.

ஆகவே சுற்றுகளை நான்கு அறைகளாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். மெய்யம்பு, பொய்யம்பு என்பது ஒரு பிரிவு. நட்சத்திரம் வந்த பக்கமும் அழுத்த வேண்டிய விசையின் பக்கமும் ஒன்றா, எதிரெதிரா என்பது இன்னொரு பிரிவு. நான்கு அறையிலும் சம எண்ணிக்கையில் சிவப்பும் பச்சையும் வரவேண்டும். அப்போதுதான் முதல் வேறுபாட்டைக் கவனத்துக்கும் இரண்டாவதைப் பக்கப்பொருத்தத்துக்கும் எழுத முடியும்.

எழுத முடியுமா? அம்பு கைக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று நாம் நினைக்கிறோம். கை அப்படி நினைப்பதில்லை. மூளையில் அசைவுகளை ஆளும் இயக்கப் புறணியின் இரு பக்கங்களுக்கு மேலே மின்முனைகளை வைத்து, எந்தக் கை தயாராகிறது என்பதைக் கை அசைவதற்கு முன்பே பார்க்கும் முறை 1988 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மார்ட்டின் ஐமர் 1995இல் இந்த முறையில் அம்புச் சோதனை செய்தார். அம்பு எந்தக் கை என்பதைப் பற்றி எந்தத் தகவலும் தராதபோதும், அது காட்டிய பக்கத்துக் கையின் தயார்நிலை கொஞ்ச நேரம் தலைகாட்டி மறைந்தது. நாற்காலியில் உட்கார்ந்து நான் விரலில் உணர்ந்தது என் கற்பனையாக இருந்திருக்கலாம். இது அளவையில் விழுந்தது.

கையைக் குறுக்கே போட்டால்

மாணவி நல்ல கேள்வி ஒன்று கேட்டார். “இடது பக்க நட்சத்திரத்துக்கு இடது கை வேகமா வர்றது வயரிங் சார்ந்ததுதானே சார்? இடது பக்கத்துல பார்க்கறது வலது மூளைக்குப் போகுது. இடது கையை ஆட்டறதும் வலது மூளைதான். ஒரே பக்கத்துலயே வேலை முடிஞ்சிடுதே.”

இந்தக் கேள்வியை 1912இலேயே பாஃபன்பெர்கர் கேட்டிருக்கிறார். பார்வைக்குறியை ஒரு பக்கத்தில் மட்டும் காட்டி, ஒரே கையால் எளிய விடை கொடுக்கச் சொன்னார். தகவல் மூளையின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குக் கடக்க வேண்டிய சுற்றுகளில் சற்றே அதிக நேரம் பிடித்தது. அந்தச் சற்றே என்பது மூன்று நான்கு மில்லிநொடி. இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை அறுக்கப்பட்டவர்களிடம் இதே வேறுபாடு பல மடங்கு பெருகிவிடுகிறது என்பதால், அளப்பது உண்மையான கடப்பு நேரத்தைத்தான் என்று நம்பலாம். ஆனால் சைமன் விளைவு இருபது முப்பது. மூன்று நான்கைக் கொண்டு அதை விளக்க முடியாது.

அளவை விட்டுவிட்டாலும் நேரடிச் சோதனை ஒன்று இருக்கிறது: கைகளைக் குறுக்கே போட்டு, வலது கையை இடப்பக்க விசை மேலும் இடது கையை வலப்பக்க விசை மேலும் வைப்பது. வயரிங்தான் காரணம் என்றால், இடப்பக்க நட்சத்திரத்துக்கு இப்போதும் இடது கைதான் வேகமாக வரவேண்டும், அது எங்கே இருந்தாலும். வாலஸ் 1971இல் கண் வழித் தூண்டல்களுக்கு இதைச் செய்தார். கைகள் குறுக்கே இருந்தால் எல்லாமே கொஞ்சம் மெதுவாகிறது. ஆனால் வெல்வது விசையின் பக்கம். இடப்பக்க நட்சத்திரத்துக்கு, இடப்பக்கத்தில் இருக்கும் வலது கை வேகமாக வந்தது. கை எந்தத் தோளிலிருந்து தொங்குகிறது என்பதைவிட அது போய் உட்கார்ந்திருக்கும் இடம்தான் எண்ணப்படுகிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1977இல் அன்சோலா, பெர்த்தலோனி, புக்டல், ரிசொலாட்டி ஆகியோர் செய்தது. அவர்கள் குறுக்குக் கைகளை இரண்டு வகைச் சோதனையிலும் வைத்துப் பார்த்தார்கள். தேர்வே இல்லாத எளிய சோதனையில், கையைக் குறுக்கே போட்டாலும் போடாவிட்டாலும் உடற்கூற்றுப்படியான அந்தச் சில மில்லிநொடி ஆதாயம் அப்படியே இருந்தது. கைகளுக்கிடையே தேர்வு செய்ய வேண்டிய சோதனையில் பக்கப்பொருத்தம் ஆட்சியைப் பிடித்தது. அதே கண், அதே கை, அதே ஒளிப்புள்ளி. ‘எந்தக் கை’ என்ற கேள்வி எழுந்த கணத்தில்தான் கைகளுக்கு இடது, வலது என்ற முகவரி ஒட்டப்படுகிறது. கேள்வி எழாவிட்டால் முகவரியும் இல்லை.

முகவரி கைக்குக்கூட உரியதில்லை என்பதை 1986இல் ரிஜ்ஜியோ, கவ்ரிஷெவ்ஸ்கி, உமில்த்தா மூவரும் குச்சிகளைக் கொண்டு காட்டினார்கள். கைகள் தத்தம் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் பிடித்திருக்கும் குச்சிகள் குறுக்கே போய் எதிர்ப்பக்க விசையை அழுத்தும். பொருத்தம் குச்சியின் நுனி தொடும் பக்கத்தைப் பின்பற்றியது. மூளை கணக்கில் எடுத்துக்கொண்டது செயல் போய்ச் சேரும் இடத்தை.

மாணவியிடம் குச்சி இல்லை. நீளப் பென்சில் இரண்டை எடுத்துக் குறுக்கே பிடித்து விசைகளை அழுத்திப் பார்த்தார். பத்துச் சுற்றுக்குள் குழம்பிச் சிரித்துவிட்டார். இருபதாவது சுற்றில் பென்சில் விரலாகிவிட்டது.

கவனம் கையை இழுக்கிறதா, கை கவனத்தை இழுக்கிறதா

தேவையே இல்லாத, எந்தப் பக்கம் என்ற இடத்தகவல் எப்படி விடைக்குள் நுழைகிறது? இதில் இரண்டு அணிகள். உமில்த்தா, நிக்கொலெத்தி ஆகியோரின் கருத்தில், நட்சத்திரம் தோன்றியதும் கவனம் அதை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வின் திசைதான் இடது, வலது என்ற குறியீட்டை உண்டாக்குகிறது. கவனத்தை நகரவிடாமல் நடுவிலேயே கட்டிப்போட்டால் சைமன் விளைவும் போய்விடுகிறது என்று 1994இல் காட்டினார்கள். இதன் பின்னால் நிற்பது ரிசொலாட்டி குழுவின் 1987ஆம் ஆண்டுக் கருத்து: கவனத்தை ஓரிடத்துக்கு அனுப்புவது என்பதே அந்த இடத்துக்கு ஓர் அசைவைத் திட்டமிட்டுவிட்டு நிறைவேற்றாமல் நிறுத்திவைப்பதுதான். மறு அணியில் பெர்ன்ஹார்ட் ஹோமல். ஒரு பொருள் இடது என்று குறிக்கப்பட, சட்டகமாகவோ அருகிலுள்ள வேறு பொருளாகவோ ஏதேனும் ஓர் ஒப்பீட்டுப் புள்ளி இருந்தால் போதும், கவனம் பயணிக்கவே வேண்டியதில்லை என்றார். என் சாய்வு ஹோமல் பக்கம். கவனம் முன்பே போய்க் காத்திருக்கும் இடத்தில் தோன்றும் நட்சத்திரத்துக்கும் அது ‘இடப்பக்க’ நட்சத்திரம் என்பது மறந்துபோவதில்லை.

நம் வழக்குக்கு நேரடியாக உதவியது வேறு இரண்டு வேலைகள். வெர்ஃபெயி, பவர்ஸ், ஹைல்மன் மூவரும் 1988இல் ‘எங்கே வரும்’ என்று சொல்லும் முன்குறிப்பையும் ‘எந்தக் கை’ என்று சொல்லும் முன்குறிப்பையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். முன்னது கவனம், பின்னது செயல்நோக்கம். மாணவியின் ஒற்றை அம்பு இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்து, ப்ராக்டரும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் காட்டியது: எந்தக் கை என்று முன்பே சொல்லிவிட்டால் சைமன் விளைவு குறையாது, கூடும். கை முன்பே தெரிந்துவிட்டால் பிறகு வரும் இடத்தகவல் அதைக் குழப்பாது என்று யாரும் எண்ணுவார்கள். ஆனால் தயாராக நிற்கும் கையைத்தான் தன் பக்கத்தில் தோன்றும் எதுவும் எளிதில் தட்டிவிடுகிறது.

மூன்றாவது அமைப்பு

கடைசியில் செய்தது ஸ்பென்ஸும் டிரைவரும் 1994 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டைப் பின்பற்றியது. அம்பு இடவலம் பேசட்டும். விடை மேல்கீழ் பேசட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே சதுரத்துக்குப் பதில் மேலே ஒன்று, கீழே ஒன்று. நட்சத்திரம் மேற்சதுரத்தில் வந்தால் ஒரு விசை, கீழ்ச்சதுரத்தில் வந்தால் மற்றது. விசைகளும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக. அம்பு பக்கத்தைச் சொன்னாலும் விடைக்கு அதில் பாதி எழுத்துகூட இல்லை. பார்க்காமல் அழுத்தவும் முடியாது.

இதிலும் இரண்டு முள் உண்டு. மேல் என்பதற்கு வலமும் கீழ் என்பதற்கு இடமும் தாமாகவே பொருந்திக்கொள்ளும் போக்கு மனிதரிடம் இருக்கிறது. வீக்ஸும் ப்ராக்டரும் 1990இல் அதை ஆராய்ந்தார்கள். ஆகவே எந்த விரல் மேல், எந்த விரல் கீழ் என்பதைப் பாதியில் மாற்றிவிட வேண்டும். மற்றது வெறும் இயந்திர விஷயம். நொடிக்கு அறுபது முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி, படம் மேலிருந்து கீழாக வரையப்படுவதால் கீழ்ச்சதுரம் சில மில்லிநொடி தாமதமாகத்தான் கண்ணுக்கு எட்டும். மெய்யம்பு, பொய்யம்பு இரண்டிலும் மேல்கீழ் சமமாக வந்தால் இது தானே அடிபட்டுப் போகும்.

நட்சத்திரமே வராத வெற்றுச் சுற்றுகளையும் இடையிடையே சேர்த்தோம். அவற்றில் யாராவது அழுத்தினால், பார்க்காமல் அழுத்துகிறார் என்று பொருள்.

புதிய அமைப்பில் அம்பின் ஆதாயம் இருந்தது, முன்பைவிட நன்றாகச் சுருங்கி. மாணவிக்கு முகம் வாடிவிட்டது. மிஞ்சியதுதான் உன்னுடையது என்றேன்.

மிஞ்சியதிலும் கைக்குப் பங்கே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கையை நீட்டித் தொட வேண்டிய இடத்தில் கண் கூர்மையடைகிறது என்று டாய்பல், ஷ்னைடர், பப்ரோட்டா 1998இல் காட்டினார்கள். அசைக்கப்போகும் கையின் அருகே வரும் தூண்டலுக்கு மூளையின் பதில் வலுப்பதை ஐமர் குழு பின்னர் பதிவு செய்தது. ரீடும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் செய்ததில், இலக்குச் சதுரத்தின் பக்கத்தில் கை சும்மா இருந்தாலே அங்கே தோன்றுவதை விரைவாகக் கண்டுகொண்டார்கள். கைக்குப் பதில் ஒரு பொருளை வைத்தபோது அது நடக்கவில்லை. எனவே புதிய சோதனையில் விசைப்பலகையைத் திரையிலிருந்து தள்ளி, மடியில், உடலின் நடுக்கோட்டில் வைக்கச் சொன்னோம்.

அறிக்கை திருத்தி முடிந்தபின் ஒரு சந்தேகம் வந்து, பழைய சோதனையின் மூலத்தரவைக் கேட்டேன். நூறு மில்லிநொடிக்குள் வந்த விடைகளை நீக்கிவிடுவது வழக்கம். அவ்வளவு வேகத்தில் பார்த்து அழுத்த யாராலும் முடியாது. மாணவியும் ஒழுங்காக நீக்கியிருந்தார். நீக்கிய வரிகள் தனிக் கோப்பில் இருந்தன. அம்பின் திசை ஒரு பத்தியில், அழுத்திய விசை அடுத்த பத்தியில். திரையில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தோம். இடம், இடம். வலம், வலம். இடம், இடம். நட்சத்திரம் எங்கே வந்தது என்ற மூன்றாவது பத்தியைப் பார்க்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.